எஞ்சினுக்கு ஓலை வாசித்தவர்

இராமநாதபுரம் ஜில்லாவில் கடவுளையும் கலெக்டரையும் ஒரே கண்ணால் சந்தேகித்த மனிதர் ஒருவரே ஒருவர்தான் பிறந்தார் என்று எந்த மேடையிலும் அடித்துச் சொல்வேன். மறுப்பவர்கள் எதிரணியில் வந்து அமரலாம். அவருடைய இயற்பெயர் பஞ்சாயத்து யூனியன் அலுவலகத்துச் சம்பளப் பட்டியலில் இருந்தது. வேறெங்கும் அது புழங்கவில்லை. ஊர் அவரைத் 'தடையுண்டா' என்றே அழைத்தது. அந்தப் பெயர் பிறந்த இடத்தில் நானும் இருந்தேன் என்பதால், அதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

எங்கள் யூனியன் எது என்று எழுத மாட்டேன். மிளகாயும் வெயிலும் குறைவின்றி விளைகிற உள்நாட்டுப் பகுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அன்றைய சேர்மன் என் தாய்மாமன். அவர் இன்றும் நலமாக இருக்கிறார். இந்தப் பத்திரிகையையும் வாசிக்கிறார்.

தடையுண்டா அந்த அலுவலகத்தில் கடைநிலைச் சிப்பந்தி. பிறந்தது இராமேசுவரம் தீவில், கத்தோலிக்க மீனவக் குடும்பத்தில். கடலில் இறங்கப் பயமில்லை. ஆனால் கடல் தன்னை ஏமாற்றுகிறதோ என்ற ஐயம் இருந்ததால் உத்தியோகத்துக்கு வந்துவிட்டதாக அவரே சொல்வார். டீக்கடையில் அவர் டம்ளரை வாங்கினால், முதல் வாயைக் கடைக்காரர் குடித்துக் காட்ட வேண்டும். ஒருநாள் கடைக்காரர் கோபத்தில் பாதி டம்ளரைக் குடித்துவிட்டார். மறுநாள் முதல், டீயில் என்ன கலந்திருக்கிறது என்பதோடு கடைக்காரர் எவ்வளவு குடிக்கிறார் என்பதும் சந்தேகப் பட்டியலில் சேர்ந்தது. பஸ்ஸில் ஏறினால் தன் டிக்கெட்டின் எண்ணையும் முன்னிருக்கைக்காரர் டிக்கெட்டின் எண்ணையும் ஒப்பிடுவார். தீவுக்குப் போகும்போதெல்லாம் பாம்பன் பாலத்தின் தூண்களை ரயில் ஜன்னல் வழியே எண்ணுவார். "போன மாசம் இருந்துச்சுன்னா இந்த மாசமும் இருக்கும்னு யாரு சொன்னது?" என்பார். பக்கத்தில் இருக்கிறவர்கள் அதன் பிறகு பாலம் முடியும்வரை பேச மாட்டார்கள்.

உத்தரகோசமங்கையில் மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். "சந்தனத்துக்குள்ள மரகதம் இருக்குன்னு யாரு பாத்தா?" என்று கேட்டார். வேறு யாராவது கேட்டிருந்தால் ஊர் கோபித்திருக்கும். இவர் கேட்டதால், "மார்கழித் திருவாதிரைக்கு வந்து கண்ணாலேயே பாத்துக்கங்க" என்று அழைத்தது. கழுத்தில் ஜெபமாலையோடு, திருவாதிரைக் கூட்டத்தில் வரிசையில் நின்று, சந்தனம் களைந்த சாமியைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து நோட்டில் ஒரே சொல் எழுதினார்: 'உண்டு.'

அந்த நோட்டும் இன்னும் பல தாள்களும் ஒரு காடாத்துணிப் பையில் இருந்தன. பை அவர் உடம்பில் ஓர் உறுப்பு. கண்மாயில் குளிக்கும்போது அது தலைமேல் இருக்கும். பூசையில் மண்டியிடும்போது மடிமேல் இருக்கும். எங்கள் யூனியன் ஆணையாளர் ஒருமுறை, "அந்தப் பைய இங்கன வச்சிட்டுப் போய்த் தபால் குடுத்துட்டு வாய்யா" என்றார். "நீங்க வேணா தபாலக் குடுத்துட்டு வாங்க சார், நான் பையோட இங்கனயே இருக்கேன்" என்றார் இவர்.

அந்த வருடம் எங்கள் யூனியனுக்கு ஐந்து ஆயில் எஞ்சின்கள் வந்தன. கிணற்றில் தண்ணீர் இருந்தும் இறைக்க வழியில்லாத விவசாயிக்கு, பாதி விலையைச் சர்க்கார் மானியமாகக் கொடுக்கும். மீதியைத் தவணையில் கட்டலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: ஏற்கெனவே எஞ்சின் வைத்திருப்பவருக்குக் கிடையாது. தேர்வானவர்களின் பெயர்களைப் பொதுமக்கள் அறியும்படி விளம்பரப்படுத்தி, ஆட்சேபணை கேட்ட பிறகே வழங்க வேண்டும் என்றும் அந்த உத்தரவில் ஒரு வரி இருந்தது.

விளம்பரம் என்பது எங்கள் அலுவலகத்துக்குப் புதிதல்ல. உர மூட்டைகள் அடுக்கிய அறையில், கதவுக்குப் பின்னால் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. எல்லாப் பட்டியல்களும் அதில் ஒட்டப்பட்டன. படிக்க விரும்பும் குடிமகன் பன்னிரண்டு மூட்டை அமோனியாவை நகர்த்தினால் போதும். ஜனநாயகத்தில் அந்த உழைப்பைக்கூடச் செய்ய ஆளில்லை என்று அலுவலகம் வருத்தப்பட்டது.

ஆணையாளர் வழக்கம்போல் தடையுண்டாவிடம் தாளை நீட்டி, "விளம்பரம் பண்ணிட்டு, ஆட்சேபணை இல்லைன்னு எழுதிட்டு வாய்யா" என்றார்.

"ஆட்சேபணை இல்லைன்னு நீங்க எப்படி சார் இப்பவே சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுத் தாளைப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினார் அவர்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தை விளக்க வேண்டும். கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், மாப்பிள்ளை இன்னார் மகன், பெண் இன்னார் மகள் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவிப்பார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடையுண்டென்று அறிந்தவர்கள் வெளிப்படுத்த வேண்டும் என்று சபையைக் கேட்பார்கள். இதற்கு ஓலை வாசித்தல் என்று பெயர். மூன்றாவது ஓலைக்கும் சபை மௌனமாக இருந்தால்தான் கல்யாணம். தடையுண்டாவின் தகப்பனார் தீவுக் கோயிலில் ஓலை வாசிக்கும் உபதேசியார். ஒரு செய்தியை ஊரறியச் சொல்வதற்கு உலகில் இதைவிட ஒழுங்கான முறை இருக்க முடியாது என்று மகன் நம்பினார். நம்பினார் என்று எழுதக் கை கூசுகிறது. அவர் சந்தேகிக்காத ஒரே முறை அது.

ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. அவர் குரல் கீச்சுக்குரல். சந்தை இரைச்சலில் அது அவர் காதுக்கே கேட்காது. அதனால் என்னிடம் வந்தார்.

அப்போது நான் மதுரையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். சின்னம்மை கண்டு, தலைக்குத் தண்ணீர் விட்ட பின்பும் ஒரு மாதம் ஊரிலேயே இரு என்று கல்லூரி சொல்லிவிட்டது. கடைசியாக நான் பேச்சுப் போட்டி மேடையேறி மூன்று வாரம் ஆகியிருந்தது. பேச்சைத் தொழிலாகப் பயின்றவனுக்கு மூன்று வார மௌனம் எத்தகைய நோய் என்பதை வைத்தியர்கள் அறியமாட்டார்கள்.

"தம்பி, நீங்க மைக் இல்லாமப் பேசுவீகளாமே?"

"பேசுவேன் அண்ணே."

"எம்புட்டுத் தூரம் கேக்கும்?"

"கடைசி வரிசை வரை."

"கடைசி வரிசைல ஒக்காந்து நீங்க கேட்டீகளா?"

கடைசி வரிசையில் நான் உட்கார்ந்ததே இல்லை. கண்மாய்க்கரைக்கு அழைத்துப்போய் என்னை ஒரு முனையில் நிறுத்திவிட்டு, பையோடு மறுமுனைக்கு நடந்தார். பரிசு பெற்ற என் உரையின் தொடக்கத்தை நான் முழங்கினேன். இரண்டாவது வாக்கியத்தில் அவர் கை உயர்ந்தது. கேட்கவில்லை போலும் என்று குரலை உயர்த்தினேன். இரண்டு கைகளும் உயர்ந்தன. திரும்பி வந்து சொன்னார்: "கேட்டது. போதும்."

வாசிக்க வேண்டிய தாளை முன்கூட்டியே காட்டும்படி கேட்டேன். உணர்ச்சியோடு வாசிக்கப் பயிற்சி வேண்டுமல்லவா?

"முன்னாடியே பாத்தா, ஒங்களுக்கு வேண்டியவுக பேரு வர்றப்ப மெல்லமா வாசிப்பீக."

"எனக்கு வேண்டியவர் யாரும் சர்க்கார் பணத்துக்கு வரிசையில் நிற்பவர் அல்லர்" என்று நிமிர்ந்து சொன்னேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை சந்தை. மாடு அவிழ்த்த ஒரு பாரவண்டிமேல் நாங்கள் இருவரும் ஏறினோம். கருவாடு, கத்தரிக்காய், கயிறு எல்லாம் விலை பேசப்பட்டுக்கொண்டிருந்தன. பையிலிருந்து தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். நிபந்தனையை வாசித்தேன், சந்தை திரும்பிப் பார்த்தது. முதற்பெயர், இரண்டாம் பெயர், மூன்றாம் பெயர் என்று என் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அதே உச்சத்தில் நான்காம் பெயரையும் முழங்கினேன்.

"கருப்பையா மகன் பூமிநாதன்!"

முழங்கி முடித்த பிறகுதான் அது என்னைப் பெற்ற அய்யாவின் பெயர் என்று காதில் விழுந்தது.

ஐந்தாம் பெயரை எப்படி வாசித்தேன் என்பது நினைவில் இல்லை. அடியில் அவர் கைப்பட எழுதியிருந்ததை மட்டும் பாடம் ஒப்பிப்பதுபோல் வாசித்தேன்: "மேற்சொன்ன ஐவருக்கும் எஞ்சின் மானியம் கொடுக்கத் தடையுண்டென்று எவராகிலும் அறிந்திருந்தால் வெளிப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது முதலாம் ஓலை."

அவர் வண்டியின் முன்னால் வந்து நின்று மூன்று திசைக்கும் மூன்று முறை கேட்டார்: "தடையுண்டா? தடையுண்டா? தடையுண்டா?" பெயர் அங்கேதான் பிறந்தது.

யாரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதியில், வயற்பக்கத்திலிருந்து 'டுப் டுப் டுப்' என்று ஒரு சத்தம் வந்தது. அவர் காதைச் சாய்த்தார்.

"அது என்ன சத்தம்?"

"எஞ்சின் சத்தம்" என்றார் கருவாட்டுக்காரர்.

"யாரு எஞ்சின்?"

கருவாட்டுக்காரருக்குத் திடீரென்று வியாபாரம் மும்முரமாகிவிட்டது. அது எங்கள் கிணற்றில் ஓடிய எஞ்சின். இரண்டு வருடங்களுக்கு முன் அய்யா வாங்கியது. சந்தை முழுவதும் அதை அறியும். வண்டிமேல் நின்ற இருவரில் ஒருவனும் அறிவான்.

அப்போது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இருளாயி. புருஷனும் மாடுகளும் ஒரே வருடத்தில் போய்விட, கிணற்றுக்குள் படிப்படியாய் இறங்கி, குடம் குடமாய்ச் சுமந்து மிளகாய்ச் செடிக்கு ஊற்றுகிறவள். இந்த யூனியனிலேயே முதல் மனுவைக் கொடுத்தவள் அவள்தான் என்று பின்னால் தெரிந்தது.

"தம்பி, அதுல எம்பேரு இருக்கான்னு பாரு."

"இல்லையே அக்கா."

"நல்லாப் பாரு. இருளாயின்னு இருக்கும்."

"ஐந்து பேர்தான் அக்கா."

"பின்பக்கம் பாரு தம்பி."

தாளைத் திருப்பிக் காட்டினேன். வெள்ளையாக இருந்தது. அவள் படிக்கத் தெரியாதவள். ஆனாலும் அந்த வெள்ளையை நெடுநேரம் பார்த்தாள். "செடி தைவரைக்கும் தாங்காது" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்தேன். அய்யா என்னைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மகிழ்ச்சியில் இருந்தார். "சந்தையே அதிர்ந்துச்சாம்லே! நம்ம பேரத்தான் ஒசத்தி வாசிச்சியாம். சந்தைக்குப் போயிட்டு வந்த மாணிக்கம் சொன்னான்." கல்லூரியில் பெற்ற எந்தப் பரிசுக்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

"நமக்குத்தான் ஒரு எஞ்சின் இருக்கே அய்யா?"

"ஒண்ணு மக்கர் பண்ணுனா இன்னொண்ணு இருக்கட்டும்னு ஒங்க மாமன் எழுதிட்டான். நானா கேட்டேன்?"

இரண்டாம் வியாழன். அன்று தடையுண்டா தன் சொந்தப் பொறுப்பில் ஒரு கேள்வியைச் சேர்த்தார். கோயில் ஓலையில் நெருங்கிய இரத்த உறவு ஒரு பெரிய தடை. ஆகவே எஞ்சினுக்கும் அதைக் கேட்பதே முறை என்று அவர் தீர்மானித்திருந்தார். "இந்த அஞ்சு பேருல யாராச்சும் சேர்மனுக்கு ஒறவுமுறையா?"

அவர் கடற்கரைக்காரர், எங்கள் உள்நாட்டுச் சட்டம் அவருக்குத் தெரியாது. எங்களிடம் உறவு தடையல்ல, உரிமை. பெண் கட்டுவதில் முறைமாப்பிள்ளை முதலில். பந்தியில் பங்காளி முதலில். கோயிலில் மரியாதையும் அதே வரிசையில். எஞ்சினும் அப்படித்தான் வழங்கப்படுகிறது போலும், நெருக்கத்தை நிரூபிக்காவிட்டால் கைவிட்டுப் போகும் போலும் என்று சந்தை புரிந்துகொண்டது.

"ஏன் இல்லாம? மொதப் பேரு எங்க அண்ணன்! சேர்மனுக்குச் சொந்தப் பெரியப்பா மகன்!" என்று ஒருவர் துண்டை உதறிக்கொண்டு முன்வந்தார்.

"ரெண்டாவது ஆளு சேர்மன் பொஞ்சாதிக்குக் கூடப் பொறந்தவன். அதுக்கு மேல என்னய்யா நெருக்கம் வேணும்?"

"மூணாவது ஆளு சேர்மனுக்குச் சம்பந்தியாகப் போறாரு. தையில நிச்சயம்."

"அப்பக் கல்யாணம் முடிஞ்ச பெறகு எஞ்சினக் குடுங்க! இப்பவே எதுக்கு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நாலாவது பூமிநாதன். சேர்மனோட அக்காளக் கட்டுனவரு. இந்தா, வாசிக்கிற தம்பியோட அய்யாதேன்!"

சந்தை என்னைப் பாராட்டும் கண்களோடு பார்த்தது. பாராட்டு வேண்டாம் என்று நான் நினைத்த முதல் நாள் அது.

ஐந்தாமவருக்கு மட்டும் உறவு எதுவும் அகப்படவில்லை. ஐவரில் நேர்மையாகத் தேர்வானவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவர் முகத்தில் பீதி பரவியது. ஓடிவந்து வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஆத்தாவுக்கு அப்பத்தாவும் சேர்மனுக்கு அம்மாச்சியோட ஆத்தாவும் ஒரே ஊருய்யா! எழுதிக்கங்கய்யா!" என்று கெஞ்சினார். தடையுண்டா எழுதினார்: 'ஐந்தாமவருக்கு உறவில்லை. இருப்பதாகச் சாதிக்கிறார். விசாரிக்க.'

பிறகு பட்டியலில் இல்லாதவர்களும் கிளம்பினார்கள். "அப்ப எனக்கு ஏன் இல்ல? நானும் மச்சினன்தேன்!" "ஏலே, நீ தூரத்து மச்சினன், நான் சொந்தம்!" ஒன்பது தாள் நிறைந்தது. ஒவ்வொருவரும் கையெழுத்தோ கைரேகையோ வைத்து, சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஊழலை இத்தனை உற்சாகமாக ஒப்புக்கொண்ட மக்களை உலக வரலாறு கண்டிராது.

கடைசியில் வண்டிக்கருகில் நின்றவளைப் பார்த்து, "ஒங்களுக்கு யாரு ஒறவு?" என்று கேட்டார்.

"எனக்கு யாரும் இல்லீக" என்றாள் இருளாயி. "கெணறுதேன் இருக்கு."

அவர் அதையும் எழுதினார். எழுதிவிட்டுக் காதைச் சாய்த்தார். "தம்பி, போன வாரம் கேட்ட சத்தம் இந்த வாரம் எங்க?"

நானும் கவனித்தேன். எஞ்சின் ஓடவில்லை.

அதற்குள் ஒரு ஜீப் வந்து நின்றது. மாமா இறங்கினார்.

"யாருய்யா ஒன்ன எங்க குடும்பத்துக்கு வம்சாவளி எழுதச் சொன்னது?"

"நான் எழுதல சேர்மன் அய்யா. அவுகளாச் சொன்னாக."

"ஆபீசுல ஒட்டுனாப் பத்தாதா?"

"ஒட்டுன எடத்துல மூட்டை இருக்கு. உத்தரகோசமங்கையில சாமியே வருசத்துக்கு ஒருநா சந்தனத்தக் களைஞ்சு காட்டுறாரு. ஒங்க லிஸ்ட்டு ஒருநாளும் களைய மாட்டேங்குதே!"

சந்தை சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. "இந்த யூனியன்ல எனக்கு ஒறவில்லாதவன் எவன்? ஒறவுன்னாத் தடைன்னு சர்க்கார் தாளுல எங்க இருக்கு? அதுல இருக்கிற தடை ஒண்ணே ஒண்ணு. ஏற்கெனவே எஞ்சின் இருக்கக் கூடாது. அதப் பத்தி எவனாச்சும் வாயத் தொறந்தானா?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "மருமகனே, நீ மதுரைக்குப் போகலையா?"

"ஒடம்பு இன்னும் சரியாகல மாமா."

"தொண்டை மட்டும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி ஜீப்பில் ஏறினார்.

வீட்டில் கேட்டேன். "அய்யா, எஞ்சின ஏன் நிறுத்துனீங்க?"

"டீசல் இல்ல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். பீப்பாய் நிறைய டீசல் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் சந்தேகம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அய்யாவைச் சந்தேகித்தேன், மாமாவைச் சந்தேகித்தேன், 'பொதுவாழ்வில் தூய்மை' என்னும் தலைப்பில் வென்ற என் வெள்ளிக் கோப்பையைக்கூடச் சந்தேகித்தேன். மூன்று நாள் பொறுத்துத் தடையுண்டாவிடம் போனேன்.

"அண்ணே, எங்க கொட்டகையில என்ன இருக்குன்னு ஒங்களுக்குச் சந்தேகமே இல்லையா?"

"நெறைய இருக்கு."

"அப்ப நீங்களே தடை சொல்லலாமே?"

"ஓலை வாசிக்கிறவன் தடை சொல்லக் கூடாது தம்பி. கேக்கத்தான் செய்யணும். சொல்றது கூட்டத்துல இருக்கிறவுக வேலை." பையை இறுக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

மூன்றாம் வியாழன் சந்தைக்கு ஊரே வந்திருந்தது. புளியமரத்தடியில் அய்யாவும் நின்றார். எஞ்சின் ஓடவில்லை. இருளாயி வண்டிச் சக்கரத்தை ஒட்டி நின்றாள். அவள் கையிலிருந்த மிளகாய்ச் செடியின் இலைகள் சுருண்டிருந்தன. அதை யாருக்கும் காட்டவில்லை. வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

தடையுண்டா தாளை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"அண்ணே, இன்னைக்கி நீங்களே வாசிங்க" என்று சொல்லிவிட்டு வண்டியிலிருந்து இறங்கினேன். மேடையில் ஏறுவதற்கே பழகிய கால்களுக்கு இறங்குவது அத்தனை உயரமாக இருந்தது.

அவர் கீச்சுக்குரலில் வாசித்தார். அன்று சந்தை அப்படி அடங்கியிருந்ததால் அந்தக் குரலும் கேட்டது. "இது மூன்றாம் ஓலை. தடையுண்டா?"

நூறு சொற்பொழிவுகளுக்குத் தொடக்கம் அறிந்தவன் நான். ஒன்றும் வரவில்லை.

"தடையுண்டா?"

"உண்டு" என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்கப்பா, கேக்கல!" என்றது பின்வரிசை. என் வாழ்நாளில் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னவர்கள் அவர்கள் மட்டுமே.

"உண்டு. நாலாவது பேருக்கு ஏற்கெனவே எஞ்சின் இருக்கு."

தடையுண்டா என்னை முன்பின் அறியாதவர்போல் நோட்டைத் திறந்தார். "பேரு?" சொன்னேன். "தகப்பன் பேரு?"

"பூமிநாதன்."

"நாலாவது ஆளுக்கும் ஒங்களுக்கும் என்ன ஒறவு?"

"மகன்."

"ஒங்க ரெண்டு பேருக்கும் ஏதும் மனத்தாங்கல் உண்டா?"

"நேத்துவரைக்கும் இல்ல."

எழுதிக்கொண்டார். "ஒரு வாயிச் சொல்லு பத்தாது. சாட்சி உண்டா?"

நான் புளியமரத்தைப் பார்த்தேன். அய்யா அங்கு இல்லை. வரப்பில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது, வேகமாக நடந்துகொண்டிருந்தார். வீட்டில் இனி எனக்குச் சோறு உண்டா என்பதே என் சந்தேகமாக இருந்தது.

"சாட்சி உண்டா?" என்று இரண்டாம் முறை கேட்டார். கருவாட்டுக்காரர் தராசைத் துடைத்தார். மச்சினன்மார் தரையைப் பார்த்தார்கள். முந்தின வாரம் ஒன்பது தாள் நிறையப் பேசிய சந்தைக்கு ஒரு வரி சொல்ல நாக்கு எழவில்லை. மூன்றாம் முறை கேட்பதற்கு முன் அவர் காத்திருந்தார். ஏன் அத்தனை நேரம் காத்திருந்தார் என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

அப்போது வயற்பக்கத்திலிருந்து வந்தது.

டுப். டுப். டுப் டுப் டுப்.

சந்தை மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது.  தடையுண்டா காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஒரு கையை உயர்த்தினார்.

"கேட்டது. போதும்."

நோட்டில், 'சாட்சி: எஞ்சின். கைரேகை வாங்க இயலவில்லை' என்று எழுதினார்.

அன்று சாப்பிடும்போது அய்யா என்னிடம் பேசியது இரண்டே சொல். "டீசல் வந்துருச்சு." அதற்குப் பிறகு ஒரு மாதம் அதுவும் இல்லை.

தடையுண்டா மறுநாள் என்னை வழியில் மறித்தார். "ஏலே தம்பி, கைதட்டு வாங்கத்தான் சொன்னியா?"

"யாரும் தட்டலையே அண்ணே."

"தட்டுவாகன்னு நெனச்சியா?"

"கொஞ்சம்."

அதையும் எழுதிக்கொண்டார்.

ஊரே கேட்ட சத்தத்தை எந்த மூட்டைக்குப் பின்னால் ஒட்டுவது என்று ஆணையாளருக்குத் தெரியவில்லை. நான்காம் பெயர் அடிக்கப்பட்டது. அங்கே இருளாயி என்று எழுதப்பட்டது. மற்ற நால்வரும் தங்கள் எஞ்சினைப் பெற்றுக்கொண்டார்கள். உறவைத் தடையாக்கும் வரி சர்க்கார் தாளில் இல்லை என்று மாமா சொன்னது உண்மைதான். தை பிறப்பதற்குள் இருளாயியின் கிணற்றிலும் 'டுப் டுப்' கேட்டது.

பங்குனியில் தடையுண்டாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஏர் கட்டி உழ ஒரு காணி நிலம் தேடினாலும் கிடைக்காத இராமேசுவரம் தீவுக்குத் தூக்கியடித்துவிட்டதாக மாமா மகிழ்ந்தார். அது அவருடைய சொந்த ஊர் என்பதை யாரும் மாமாவுக்குச் சொல்லவில்லை. தடையுண்டாவுக்கோ அதைவிடப் பெரிய கவலை.

"கேக்காமலே சொந்த ஊருக்கு மாத்திருக்கானுவ. என்னமோ உள்ள இருக்கு தம்பி."

வழியனுப்ப, விடுமுறையில் வந்திருந்த நானும் இருளாயியும் மட்டும் பஸ் நிறுத்தத்துக்குப் போயிருந்தோம். அவள் ஒரு பெட்டி நிறைய மிளகாய் வத்தல் கொண்டுவந்திருந்தாள்.

"இது லஞ்சம்" என்றார் அவர்.

"லஞ்சமா? வேலைதான் முடிஞ்சுபோச்சே!"

"முடிஞ்ச பெறகு குடுக்கிறதுதான் சந்தேகமா இருக்கு."

"தின்னாத் தின்னுங்க, இல்லாட்டிக் கடல்ல போடுங்க" என்று பெட்டியைக் கிளீனரிடம் கொடுத்து பஸ்ஸின் கூரைமேல் ஏற்றிவிட்டாள்.

அவருடைய சைக்கிளும் கூரைமேல் ஏற வேண்டியிருந்தது. கிளீனர் கட்டுகிற முடிச்சைக் கீழே நின்றே பார்த்தார். பிடிக்கவில்லை. "எறங்குய்யா, அது முடிச்சா? நான் கட்டுறேன்" என்று ஏணியில் கால் வைத்தார். பாய்மரம் கட்டிய வம்சம். முடிச்சுக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் பை இருந்தது. கண்டக்டரைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். பஸ்ஸைச் சுற்றி நின்ற அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்தார்.

"தம்பி, இதப் புடி" என்று பையை என்னிடம் நீட்டிவிட்டு, திரும்பிப் பாராமல் மேலே ஏறினார்.

அவர் இறங்கி வரும்வரை, மேடையில் வீசிப் பேசியே பழகிய இந்தக் கைகள் இரண்டாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பையின் வாய் திறந்திருந்தது, உள்ளே ஒரு முறைகூட எட்டிப் பார்க்கவில்லை.